ராயல்டி யாருக்கு?

ராயல்டி! ஆங்கிலச் சொல்தான். ஆனால் ஆங்கிலம் அறியாதார் வாயிலும் இன்று தாராளமாகப் புரளும் சொல். 2017ஆம் ஆண்டு, இசையமைப்பாளர் இளையராசா தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என்று பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். அன்று தொட்டு, தேநீர்க் கடைப் பெஞ்சியிலும் முடிதிருத்தகத்திலும் இந்தச் சொல் குடியேறிவிட்டது. போட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். பாடியவருக்கு இல்லையா என்றார் மற்றொருவர். காசு போட்டுப் படம் எடுத்தவர் என்ன இளித்தவாயரா என்றார் மூன்றாமவர். வாதம் சூடாகத்தான் நடந்தது.

அந்த வாதம் நடந்த ஊர்களில் ஒன்று காஞ்சிபுரம். அங்கே தறிக்குழியில் காலை ஊன்றி உட்கார்ந்திருக்கும் தோழன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாட்டுக்கு ராயல்டி உண்டு, சரி. பட்டுக்கு உண்டா?

கேட்டால் சிரிப்பார்கள். கூலிக்கு நெய்கிறவனுக்கு ராயல்டியா என்பார்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும். அந்தச் சொல்லின் பிறப்பு என்ன, வளர்ப்பு என்ன, அது யார் யார் வீட்டுக்குச் சென்றது, யார் வீட்டு வாசற்படியை மட்டும் மிதிக்க மறுக்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்துவிடுவோம். சிரிப்பு யார் பக்கம் நிற்கும் என்பது பிறகு தெரியும்.

ஒரு சொல், மூன்று பொருள்

ராயல்டி என்றால் முதற்பொருள் அரசத்தன்மை. அரசன், அரசி, இளவரசன், இளவரசி என்று முடிசூடிய குடும்பத்தார் அனைவரையும் ஒரே சொல்லில் சுட்டுவது. இலத்தீனில் அரசனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு நாட்டில் வளர்ந்து, ஆங்கிலத்தில் நுழைந்த சொல் அது.

இரண்டாவது பொருள், மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டி எடுப்பவன், எடுக்க விட்டவனுக்குக் கொடுக்கும் தொகை. மூன்றாவது பொருள், நூல் எழுதியவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் புதுப்பொருள் கண்டுபிடித்தவருக்கும், விற்பனைக்கு ஏற்பப் போய்ச்சேரும் பங்கு.

அரண்மனை எங்கே, சுண்ணாம்புக்கல் குழி எங்கே, பாட்டுப் புத்தகம் எங்கே! மூன்றையும் ஒரே சொல் எப்படிக் கட்டியது?

கட்டியது அரசனின் கை. இங்கிலாந்திலே 1568ஆம் ஆண்டு ஒரு வழக்கு. நிலம் ஒரு பிரபுவின் நிலம். அதிலே செம்புச் சுரங்கம். முதலாம் எலிசபெத் அரசியார், அந்தச் செம்பிலே பொன்னும் வெள்ளியும் கலந்திருக்கின்றன, ஆகவே சுரங்கம் எனக்குரியது என்றார். நீதிமன்றம் அரசியார் பக்கமே தீர்ப்பளித்தது. பொன்னும் வெள்ளியும் எவன் நிலத்தில் கிடந்தாலும் முடிக்கே சொந்தம்! அரசுக்குரிய உரிமை ராயல்டி. அந்த உரிமையை மற்றொருவன் அனுபவித்தால் அதற்காகக் கட்டும் பணமும் ராயல்டி. ஆளும் தன்மையின் பெயரே அந்த ஆட்சிக்குக் கட்டும் காசின் பெயராக ஆகிவிட்டது.

வெள்ளைக்காரன் மொழியில்தான் இந்த விந்தை என்று எண்ணிவிட வேண்டாம். நம் மொழியைப் பாருங்கள். இறை என்றால் கடவுள். இறை என்றால் அரசன். இறை என்றால் வரியும்கூட! வரியில்லாத நிலம் இறையிலி நிலம். கடவுளுக்கும் காவலனுக்கும் கப்பத்துக்கும் ஒரே சொல். கோ என்றால் அரசன். கோவின் இல்லம் கோயில். அரசன் வாழ்ந்த வீட்டுக்குரிய பெயர் ஆண்டவன் வீட்டுக்குப் போயிற்று. வணங்கப்படுகிறவனும் வாங்கிக்கொள்கிறவனும் ஒருவனே என்ற உண்மையை நம் முன்னோர் மொழிக்குள்ளேயே பதித்து வைத்தார்கள்.

நிலத்திலே விளைந்ததைப் பங்கு போடும்போதும் இரண்டு சொற்கள் இருந்தன. மேல்வாரம் என்பது அரசனுக்கோ நிலத்தின் மேலுரிமையாளனுக்கோ போகும் பங்கு. குடிவாரம் என்பது உழுதவனுக்கு மிஞ்சும் பங்கு. மேலே போவது மேல்வாரம்! ராயல்டி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் தேடவேண்டியதில்லை. அந்த மேல்வாரம் யார் கைக்குப் போகிறது என்பதே நம் கேள்வி.

காஞ்சியின் காவலர்கள்

காஞ்சிபுரம் அரசத்தன்மையை அறியாத ஊரன்று. பல்லவர் தலைநகரம். அங்குள்ள கைலாசநாதர் கோயிலை எழுப்பியவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவன். அந்தக் கோயிலின் சிற்றாலயங்களைச் சுற்றி அவனுடைய பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. எத்தனை? 250க்கும் மேல்! ஒருவனுக்கு 250 பெயர். கல்லைச் செதுக்கியவனுக்கோ ஒரு பெயரும் இல்லை. உளி பிடித்த கை எது, ஊர் எது, பேர் எது என்று அந்தச் சுவர் சொல்லவில்லை.

அதே ஊரிலே வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் திருச்சுற்றுச் சுவரிலே பல்லவர் வரலாறே சிற்பமாக விரிந்திருக்கிறது. அங்கே ஒரு காட்சி. 731ஆம் ஆண்டை ஒட்டி, இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான், வாரிசு இல்லை. அரியணை காலி. என்ன செய்தார்கள் காஞ்சி மக்கள்? அமைச்சர்களும் கடிகையாரும் குடிகளின் தலைவர்களும் திரண்டு, பல்லவர் குலத்தின் கிளை வழியிலே வந்த இரணியவர்மனை நாடிச் சென்றார்கள். அவன் மகன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், நான் வருகிறேன் என்றான். அவனை அழைத்து வந்து முடிசூட்டினார்கள். இரண்டாம் நந்திவர்மன் என்று நெடுங்காலம் ஆண்டான்.

இன்றைய தேர்தல் அன்று, ஒப்புக்கொள்கிறோம். வாக்குச்சீட்டு இல்லை, வாக்குப்பெட்டி இல்லை. கூடியவர்களும் ஊரிலே பெரியவர்கள்தாம். ஆயினும், அரசத்தன்மை வானத்திலிருந்து வழுக்கி விழுவதில்லை, குடிகள் கூடி எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு என்பதைக் கல்லிலே எழுதி வைத்திருக்கும் ஊர் காஞ்சிபுரம். நாள்தோறும் அந்தத் தெருவழியே பாவு நூலைச் சுமந்து செல்லும் தோழர்களிலே எத்தனை பேர் அந்தச் சுவரை நின்று பார்த்திருப்பார்கள்? பார்க்க வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

நெசவாளரை அரசர்கள் அறியாமல் இருந்ததில்லை. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று இன்றும் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்ற நெசவாளர் குடிகளிடம், ஊரகத்துக் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு விசயநகரக் காலத்திலே, காஞ்சிபுரத்துக் கைக்கோளர்க்குத் தண்டு ஏறவும் சங்கு ஊதவும் உரிமை இருந்தது. பல்லக்கும் சங்கும் அரசச் சின்னங்கள்! காஞ்சியில் உண்டே, எங்களுக்கு ஏன் இல்லை என்று வேற்றூர் நெசவாளர்கள் வழக்காடி அதே மரியாதையைப் பெற்றதற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது.

மரியாதை கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் தறியிறை என்ற வரியும் அதே கல்வெட்டுலகில்தான் இருக்கிறது. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று இறுத்தாக வேண்டும். சங்கு ஊதலாம், இறையும் இறுக்க வேண்டும். முதற்பொருளிலே நெசவாளனுக்கு ராயல்டி கொடுத்தார்கள். இரண்டாம் பொருளிலே அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்!

முடி போயிற்று, முறை போகவில்லை

முடியரசு என்ன ஆயிற்று? தமிழகத்தின் புதுக்கோட்டைச் சமத்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் இந்தியாவோடு இணைந்தது. இணைந்த அரசர்களுக்கெல்லாம் ஆண்டுதோறும் மானியம் என்று அரசியல் சட்டமே வாக்களித்தது. உழைக்காமல் உண்பதற்கு உறுதிமொழி! 1970 செப்டம்பரில் அதை ஒழிக்க மசோதா வந்தது. மக்களவையில் வென்றது, மாநிலங்களவையில் ஒரு வாக்குக்கும் குறைவான இடைவெளியில் தோற்றது. குடியரசுத் தலைவர் ஆணையால் ஒழிக்கப் பார்த்தார்கள். அந்த ஆணையை 1970 டிசம்பரில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. இறுதியில் 1971 டிசம்பரில், 26ஆவது திருத்தத்தால் மன்னர் மானியம் மண்ணோடு மண்ணாயிற்று.

மன்னன் போய்விட்டான். மேல்வாரம் போயிற்றா? போகவில்லை. போகவும் வேண்டியதில்லை. அரசன் இருந்த இடத்தில் இப்போது குடியரசு இருக்கிறது. மண்ணுக்கடியில் இருக்கும் செல்வத்துக்கு அதுதான் காவல். ஆகவே சுரங்கக்காரன் ராயல்டியை அரசுக்குக் கட்டுகிறான். கல் குவாரிக்காரன் கட்டும் தொகைக்கு நம் ஊரிலே சீனியரேஜ் என்று பெயர். அதுவும் பிரபு, ஆண்டை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் குழந்தைதான். சொல்லிலே பிரபு வாழ்கிறான். பணத்துக்கு உரியவர்கள் மக்கள்.

அந்தப் பணத்தின் பொருள் என்ன என்று கேட்டு, நம் தமிழகத்திலே தொடங்கிய ஒரு வழக்கு, 35 ஆண்டுக் காலம் நாட்டையே ஆட்டிப் படைத்தது. அதைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் தவறினால் எத்தனை ஊர்களின் கருவூலம் காலியாகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு சொல் விடுபட்ட கதை

1958ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டம், நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு என்று உள்ளூர் மேல்வரி வசூலிக்க வழி செய்தது. ஊராட்சிப் பணிகளுக்கான பணம் அது. 1964இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது: நிலவரி என்பதில் சுரங்கக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டியும் அடங்கும். அதாவது, ராயல்டியின் மீதும் ரூபாய்க்கு 45 காசு.

நெல்லை மாவட்டம் தாழையூத்தில் 1949இல் ஆலை தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி கட்டுகிறோம், அதன்மேல் இன்னொரு வரியா என்று வழக்குத் தொடுத்தது. உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1989 அக்டோபர் 25ஆம் நாள் தீர்ப்பளித்தார்கள். மாநிலம் அப்படி விதிக்க அதிகாரமில்லை என்றார்கள். போகிற போக்கில் ஒரு வாக்கியமும் எழுதினார்கள்: ராயல்டி என்பது வரி.

வரி என்றால் வரிக்குமேல் வரி கூடாது. கனிமங்களைப் பற்றிய சட்டம் நாடாளுமன்றத்தின் கையில். மாநிலத்துக்கு வழி அடைபட்டது. கல்லைத் தோண்டுவதும், லாரி ஓடி ஊர்ச்சாலை பள்ளமாவதும், புழுதி குடிசைக்குள் படிவதும் நம் ஊரில். வரி போட உரிமை மட்டும் நம்மிடம் இல்லை!

2004 சனவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மேற்கு வங்கம் தொடர்பான கேசோராம் வழக்கில், பழைய தீர்ப்பை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தது. அங்கே ஒரு சொல் விடுபட்டுவிட்டது என்றது! ராயல்டியின் மீதான மேல்வரி ஒரு வரி என்றுதான் எழுத எண்ணியிருக்க வேண்டும். ராயல்டி ஒரு வரி என்று அச்சாகிவிட்டது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. ஐவர் சொல்வது எழுவர் சொன்னதை வெல்லுமா? சிக்கல் முற்றியது. 2011இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போயிற்று.

2024 சூலை 25ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எட்டுப் பேர் ஒருபுறம். நீதிபதி நாகரத்னா ஒருவர் மறுபுறம். ராயல்டி வரியன்று. கனிமத்துக்கு உரிமையுடையவர், அதைத் தோண்டிக்கொள்ள இடம் கொடுப்பதற்காக, தோண்டுகிறவர் ஒப்பந்தப்படி கொடுக்கும் ஈடு அது. மாநிலங்கள் கனிமம் தாங்கிய நிலத்துக்கு வரி விதிக்கலாம். ஆகஸ்டு 14ஆம் நாள், 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையையும் கேட்கலாம், ஆனால் 2026 ஏப்ரல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் வாங்குக என்று வழியும் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கனிமம் தாங்கிய நிலங்களுக்கு வரி விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

கவனித்தீர்களா? வரி என்றால், ஆள்வோன் கேட்கிறான், குடிமகன் கொடுக்கிறான். ராயல்டி என்றால், உடைமைக்காரன் கேட்கிறான், பயன்படுத்துகிறவன் கொடுக்கிறான். அரசு அதை வாங்குவது அதிகாரி என்பதால் அன்று. மக்கள் உடைமைக்குக் காவலன் என்பதால்! 2015இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டபோது, ராயல்டித் தொகையிலே பழைய குத்தகைகளுக்கு 30 விழுக்காடும், ஏலத்தில் வந்த புதிய குத்தகைகளுக்கு 10 விழுக்காடும் கணக்கிட்டு, மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குத் தனியே கட்ட வேண்டும், அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கே செலவாக வேண்டும் என்று விதித்ததும் இந்த நியாயத்தின் வழியில்தான்.

இந்த இலக்கணத்தை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏனென்றால் இதைக் கையில் ஏந்திக்கொண்டுதான் காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்குள் நுழையப் போகிறோம்.

பாட்டுக்கு உண்டு

அதற்குமுன் பாட்டுக்காரர் வீட்டையும் எட்டிப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் அவர் எழுத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால் திரைப்படப் பாட்டுக்காரர் நிலை நெடுநாள் வரை கூலிக்காரர் நிலைதான். ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும். எழுதியவர் வாடகை வீட்டில் இருப்பார்.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. திரைப்படத்துக்காகப் பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும், திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது சம பங்கு ராயல்டி பெறுவர். அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. முடியாது என்ற சொல்தான் உயிர்நாடி! ஏழை தன் உரிமையை விற்றுவிடுவான் என்பதைச் சட்டம் அறிந்து, விற்க இயலாதபடி பூட்டிவிட்டது. வாழ்க அந்தத் திருத்தம்!

பட்டுக்கு இல்லை

இப்போது வாருங்கள் தறி வீட்டுக்கு.

கன்னடத்து மல்பெரிப் பட்டுநூல். சூரத்திலிருந்து வரும் சரிகை. பாவு தோய்த்து, இழை பிணைத்து, அச்சில் கோத்து ஏற்றும் வேலையிலே மனைவியும் தாயும் பிள்ளைகளும் கைகொடுக்கிறார்கள். அந்தக் கைகளுக்குக் கூலிச் சீட்டில் தனி வரி கிடையாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் பிணைக்கும் கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவரோடு துணையாள் ஒருவரும் உட்கார வேண்டும். முந்தானைக்கு நிறம் மாறும் இடத்திலே பழைய பாவிழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்க்கும் பேட்டினி வேலை. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெயர் வாங்கித் தந்தது இந்தக் கைகள்தாம்.

சேலை முடிகிறது. பெட்டியிலே கடைக்காரர் பெயர் பொன்னெழுத்தில். விளம்பரத்திலே பட்டின் ராணி என்று புகழ்ச்சி. விலைச்சீட்டிலே பல ஆயிரம். நெய்தவர் பெயர்? கைலாசநாதர் கோயிலைச் செதுக்கியவன் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே!

பெயர் போகட்டும். பங்கு உண்டா? இல்லை. கூலி உண்டு. ஒரு புதிய புட்டா, ஒரு புதிய கரை, ஒரு புதிய நிறச் சேர்க்கை விற்பனையிலே வெற்றி பெற்று நூறு தறியில் ஏறினாலும், முதலில் அதைக் கட்டத்தாளில் வரைந்தவருக்கும் முதல் சேலையாக நெய்து காட்டியவருக்கும் கிடைத்தது அன்றைய கூலிதான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வரைந்த ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால், வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதியாமலே விட்டு, தொழில் முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால் அந்தப் பதிப்புரிமை அற்றுப்போகும். பதிவு செய்தாலோ, 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பத்தாண்டு. கட்டணம் கட்டினால் மேலும் ஐந்தாண்டு. அதுவும் சந்தைக்கு வருமுன் பதிந்தாக வேண்டும். அதற்கும் மேல் ஒரு முடிச்சு: பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காக வடிவமைத்தால், பணம் கொடுத்தவரே அதற்கு உரிமையாளர்! வரைந்த கை வெறுங்கை. கொடுத்த கைக்குப் பட்டயம். பாட்டுக்காரருக்குப் போட்ட பூட்டு இங்கே இல்லை.

சரி, ஊரின் பெயருக்காவது மதிப்பு உண்டா? உண்டு. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டுக் கைத்தறித் துறை விண்ணப்பித்து, காஞ்சிபுரம் பட்டு என்ற பெயர் 2005-06இல் பதிவாயிற்று. பொய்யாக அந்தப் பெயரைப் பயன்படுத்தினாலும், அப்படிப்பட்ட சரக்கை விற்றாலும், ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை தண்டம். பட்டுச் சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது; அது செல்லும் என்று 1993இல் உச்சநீதிமன்றமே உறுதி செய்தது.

ஆக, ஏட்டிலே இரட்டைக் காவல்! ஆனாலும் விசைத்தறியில் ஓடிய சேலை காஞ்சிப்பட்டு என்ற பெயரோடு கடைப்படி ஏறுகிறதே, ஏன்? சட்டம் தானாக நடப்பதில்லை. நடத்துவிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நெசவாளனாக இருந்தால்தான் நடக்கும்.

மறுப்பும் விடையும்

சிலர் சொல்வார்கள்: மாங்காயும் அன்னமும் மயிற்கண்ணும் உருத்திராக்கமும் கோபுரக் கரையும் பாட்டன் முப்பாட்டன் தந்த வடிவங்கள், ஆசிரியன் இல்லாத பொருளுக்கு ராயல்டி யாருக்குக் கொடுப்பது?

நல்ல கேள்வி. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை எந்த ஆசிரியர் எழுதினார்? யாரும் படைக்காத கல்லுக்கே, மக்கள் பொதுவுடைமை என்பதால், ராயல்டி வாங்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. கல் தானாக விளைந்தது. கோர்வை தானாக விளையவில்லை. தலைமுறை தலைமுறையாக முதுகு வளைந்து, கண் மங்கி, மனிதர் விளைத்தது. பொதுவில் விளைந்தது என்றால் பொதுவில் பங்கு கேட்கலாம் என்றுதானே பொருள்? யாருக்கும் இல்லை என்று எப்படிப் பொருளாகும்?

இன்னும் சிலர் சொல்வார்கள்: பங்கு கேட்டால் விலை ஏறும், விலை ஏறினால் வாங்க ஆளில்லை, உள்ள கூலியும் போகும். இதிலே அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பாவு இல்லாமல் தறி நிற்கும் நாளின் பசி அறிந்தவர்கள் நாம். ஆனால் இன்று விலையை அறுப்பது நெசவாளன் கேட்கும் பங்கா, அவன் ஊர்ப் பெயரைத் திருடிக்கொண்டு மலிவாக விற்கும் போலிச் சரக்கா? திருட்டை அடைத்தாலே பங்குக்கு இடம் பிறக்கும்.

செய்ய வேண்டியது

புவிசார் குறியீட்டை எவருக்கும் விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் இடம் தரவில்லை. நல்லதுதான், இல்லாவிட்டால் அதையும் எவனாவது ஒரு முதலாளி எழுதி வாங்கியிருப்பான். ஆகவே அந்தப் பெயரிலிருந்து நேராக ராயல்டி வராது. பங்கு வரும் பாதை வேறு.

ஒன்று: குறியீடு பதிவானது மட்டும் போதாது; அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம்மைப் பதிந்துகொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பதிவு பெற்றவர்தான், பெயர் திருடப்பட்டால் நானே பாதிக்கப்பட்டவன் என்று எழுந்து நிற்க முடியும். தெருத்தெருவாகச் சென்று தோழர்கள் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் காட்டும் சுறுசுறுப்பில் பாதி போதும்.

இரண்டு: புது வடிவம் எதுவானாலும் முதல் சேலை கடைக்குப் போகுமுன் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். வரைந்தவருக்கும் நெய்து காட்டியவருக்கும், விற்கும் ஒவ்வொரு சேலையிலும் இவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். பணம் கொடுத்தவனே உரிமையாளன் என்ற விதியைக் கட்டுப்படுத்தக்கூடிய கயிறு, முன்கூட்டி எழுதிய ஒப்பந்தம்தான்.

மூன்று: கூட்டுறவுச் சங்கத்திலே நெசவாளன் கூலியாள் மட்டுமல்லன், உறுப்பினன். இலாபத்தில் பங்கு அவன் உரிமை. பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போகாமல், கணக்கைக் கேட்காமல், தேர்தலில் நிற்காமல், சங்கம் கெட்டுப்போயிற்று என்று திண்ணையில் பேசிப் பயனில்லை. உத்தம சோழன் காலத்திலே கோயில் காரியம் பார்த்த குடிக்கு, சங்கத்தின் காரியம் பார்க்கத் தெரியாதா?

நான்கு: பாட்டுக்காரருக்கு 2012இல் போட்ட பூட்டை, கைவினைஞருக்கும் போடுமாறு சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டும். வடிவமைத்தவரின் பங்குரிமை கைமாறக் கூடாது, எழுதி வாங்கினாலும் செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். கேட்பது பிச்சையன்று. ஏற்கெனவே ஒரு தொழிலாளிக்குக் கொடுத்ததை மற்றொரு தொழிலாளிக்கும் கேட்கிறோம், அவ்வளவே.

தோழர்களே! அரசன் இருந்த நாளிலே ராயல்டி அரசனுக்குப் போயிற்று. பிரபு இருந்த நாளிலே பிரபுவுக்குப் போயிற்று. அரசனும் இல்லை, பிரபுவும் இல்லை. மன்னர் மானியமும் 1971இல் முடிந்தது. சொல் மட்டும் ஏன் இன்னும் பழைய வீட்டு வாசலிலேயே காத்துக் கிடக்க வேண்டும்? உடைமைக்காரனுக்குப் பயன்படுத்துகிறவன் கொடுக்கும் ஈடு என்று நீதிமன்றம் இலக்கணம் வகுத்துவிட்டது. காஞ்சிப்பட்டு என்ற பெயருக்கு உடைமைக்காரன் யார்? பெட்டியில் பொன்னெழுத்துப் பொறித்தவனா, தறிக்குழியில் கால் புதைத்தவனா?

விடை எல்லாருக்கும் தெரியும். அந்த விடையைச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள். சங்கக் கணக்கேட்டில் அது ஏறும்வரை உட்காராதீர்கள்!